உங்கள் ஆங்கிலத்துக்கு மார்க் போடும் கம்ப்யூட்டர்

பெண்ணாடம் கடைத்தெருவில் சிறிய கம்ப்யூட்டர் மையம் ஒன்றை நடத்தி வருகிறேன். ஆன்லைன் விண்ணப்பம் நிரப்புவது, டி.டி.பி., பிரிண்ட் அவுட், மாலையில் மாணவர்களுக்கு வகுப்பு என்று நாள் ஓடும். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சந்தேகம் கேட்டு வருவதும் உண்டு. அப்படி வந்தவர்களில் ஒருத்தி என் அக்கா மகள். விருத்தாசலத்தில் பி.காம். முடித்தவள். அவளுடைய அப்பா தவணையில் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

சென்னையில் உள்ள ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். ஆங்கிலப் பேச்சுத் தேர்வு என்று மின்னஞ்சலில் ஒரு லிங்க் வந்தது. வீட்டிலேயே உட்கார்ந்து அந்தத் தேர்வை முடித்தாள். சிறிது நேரத்தில் முடிவும் வந்துவிட்டது. தகுதி பெறவில்லை.

மறுநாள் என்னிடம் வந்து, "மாமா, அந்த சார் ரொம்ப வேகமாப் பேசினார். புரியலை, இன்னொரு தடவை சொல்லுங்க சார்னு இங்கிலீஷ்லயே மரியாதையாக் கேட்டேன். அவர் காதுலயே வாங்காம அடுத்த கேள்விக்குப் போயிட்டார்" என்றாள்.

அந்தப் பக்கம் சார் யாரும் இல்லை என்று சொன்னபோது அவளால் நம்ப முடியவில்லை. கேள்வி கேட்டது முன்பே பதிவு செய்த குரல். பதிலைக் கேட்டு மார்க் போட்டது ஒரு சாப்ட்வேர். "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்ற அவளுடைய மரியாதையையே பதிலாக எடுத்துக் கொண்டு, கேட்ட வாக்கியத்தில் ஒரு சொல்கூட இதில் இல்லையே என்று அது பூஜ்யம் போட்டிருக்கும்.

ஆர்ட்டிபிஷியல் இன்டெலிஜென்ஸ் எனப்படும் செயற்கை நுண்ணறிவு இன்று ஆங்கிலம் கற்பவர்களுக்கு மார்க் போடும் வேலையில் இறங்கியிருக்கிறது. வேலைக்கு, வெளிநாட்டுப் படிப்புக்கு, குடியேற்ற விசாவுக்கு என்று பல கதவுகளில் இந்தச் சாப்ட்வேர்தான் முதலில் நிற்கிறது. உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் நாளை இதன் முன்னால் உட்கார நேரிடும். எனவே இது எப்படி வேலை செய்கிறது, எங்கே தவறும், உங்கள் கம்ப்யூட்டரை வைத்து இதற்கு எப்படித் தயாராகலாம் என்பதைப் பார்ப்போம்.

கட்டுரையில் தொடங்கியது

இது நேற்று வந்த யோசனை அல்ல. 1966ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் எல்லிஸ் பேஜ் என்ற பேராசிரியர், மாணவர்களின் கட்டுரைக்குக் கம்ப்யூட்டர் மார்க் போட முடியும் என்று எழுதினார். அந்த முயற்சிக்குப் பெயர் புராஜெக்ட் எஸ்ஸே கிரேடு. அந்தக் காலக் கம்ப்யூட்டருக்குப் படித்துப் புரிந்து கொள்ளும் திறன் கிடையாது. அதனால் அவர் ஒரு குறுக்கு வழியைப் பிடித்தார். கட்டுரை எவ்வளவு நீளம், சொற்கள் சராசரியாக எத்தனை எழுத்து, எத்தனை காற்புள்ளி என்று எண்ணக் கூடியவற்றை எண்ணினார். மனிதர்கள் போட்ட மார்க்கோடு இந்த எண்ணிக்கைகள் எப்படிச் சேர்ந்து போகின்றன என்று கணக்கிட்டார். பிறகு புதிய கட்டுரைக்கு இந்தக் கணக்கைக் கொண்டே மார்க் கொடுத்தார்.

கவனியுங்கள். கட்டுரை நன்றாக இருக்கிறதா என்று கம்ப்யூட்டர் பார்க்கவில்லை. நன்றாக இருக்கும் கட்டுரைகளில் வழக்கமாக என்ன இருக்குமோ, அது இருக்கிறதா என்று பார்த்தது. இன்றைய சாப்ட்வேர் எவ்வளவோ வளர்ந்துவிட்டது. ஆனாலும் அடிப்படை இதுதான்.

1999இல் இ.டி.எஸ். நிறுவனத்தின் இ-ரேட்டர் என்ற புரோகிராம், மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வின் கட்டுரைகளைத் திருத்தும் பணியில் ஒரு மனிதருடன் சேர்க்கப்பட்டது. மனிதர் ஒரு மார்க், இயந்திரம் ஒரு மார்க். இரண்டும் மிகவும் விலகினால் இன்னொரு மனிதர் பார்ப்பார். இது நியாயமான ஏற்பாடு என்பது என் கருத்து. செலவைக் குறைக்க அந்த மனிதரை எடுத்துவிடும் இடங்களில்தான் சிக்கல் தொடங்குகிறது.

2014இல் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த லெஸ் பெரல்மன் இதை வேடிக்கையாகவே காட்டினார். மாணவர்களுடன் சேர்ந்து பேபெல் என்ற ஒரு புரோகிராமை உருவாக்கினார். ஒன்றிரண்டு சொற்களைக் கொடுத்தால், கடினமான சொற்களும் நீண்ட வாக்கியங்களும் நிறைந்த, ஆனால் துளியும் பொருள் இல்லாத கட்டுரையை அது எழுதித் தள்ளும். திருத்தும் சாப்ட்வேர்கள் அதற்கு உயர்ந்த மார்க் கொடுத்தன!

பேச்சுக்கு எப்படி மார்க்?

எழுத்தைவிடப் பேச்சுதான் சுவாரசியமானது. நம் ஊர்ப் பிள்ளைகள் தடுமாறுவதும் அதில்தான்.

அக்காவின் கணவர் விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்ப்பவர். சூளையிலிருந்து வந்த கோப்பையை எடுத்து விரல் நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். நல்ல கோப்பை என்றால் கணீரென்று ஒலிக்கும். மயிரிழை விரிசல் இருந்தாலும் ஓசை மழுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காதால் பிடிப்பார். ஆயிரக்கணக்கான கோப்பைகளைச் சுண்டிப் பார்த்துப் பழகிய காது அது.

பேச்சுத் தேர்வுச் சாப்ட்வேரும் இப்படித்தான் பழக்கப்படுகிறது. பல ஊர்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானவர்களின் பதில்களை முதலில் பதிவு செய்கிறார்கள். ஒவ்வொன்றையும் பயிற்சி பெற்ற மனிதர்கள் கேட்டு மார்க் போடுகிறார்கள். இந்தப் பதிவுகளும் மார்க்குகளும் சாப்ட்வேருக்குக் கொடுக்கப்படுகின்றன. எந்த மாதிரி ஒலிக்கு மனிதர் எந்த மாதிரி மார்க் போட்டார் என்பதை அது கற்றுக் கொள்கிறது. அந்தப் பதிவுகளில் உங்களைப் போலப் பேசுகிறவர்கள் போதுமான அளவு இருந்தால் உங்களுக்கு மார்க் சரியாக விழும். இல்லையென்றால் சந்தேகம்தான். சுண்டிப் பார்க்கிறவர் களிமண் கோப்பையையே பார்த்ததில்லை என்றால், அதன் ஓசையை விரிசல் என்றுதான் நினைப்பார்.

உள்ளே நடப்பது இதுதான். மைக்கில் வரும் உங்கள் குரலைக் கம்ப்யூட்டர் விநாடிக்கு நூறு துண்டுகளாக வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு துண்டிலும் எந்த ஒலி இருக்கக் கூடும் என்று கணிக்கிறது. ஒலிகளைச் சேர்த்துச் சொற்களாக்குகிறது. இதுதான் ஸ்பீச் ரெகக்னிஷன். பிறகு நீங்கள் சொல்ல வேண்டிய வாக்கியத்தையும் நீங்கள் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. எத்தனை சொல் விட்டுப் போனது, எத்தனை சொல் கூடுதலாக வந்தது, ஒவ்வொரு ஒலியும் எதிர்பார்த்த ஒலிக்கு எவ்வளவு அருகில் இருந்தது, சொற்களுக்கு இடையே எத்தனை விநாடி மௌனம், நிமிடத்திற்கு எத்தனை சொல் என்று எண்ணுகிறது. இந்த எண்கள்தான் உங்கள் மார்க்காக மாறுகின்றன.

இந்தத் துறையில் முன்னோடி, அமெரிக்காவின் ஆர்டினேட் என்ற நிறுவனம். போன்பாஸ் என்று 1990களில் அவர்கள் தொடங்கிய தொலைபேசித் தேர்வுதான் பின்னாளில் வெர்சன்ட் என்று பெயர் மாறி, 2008இல் பியர்சன் நிறுவனத்தின் கைக்குப் போனது. நம் நாட்டில் பி.பி.ஓ. வேலைக்கு முயன்றவர்கள் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்கள். வாசித்துக் காட்டுதல், கேட்ட வாக்கியத்தைத் திரும்பச் சொல்லுதல், ஒரு சொல்லில் பதில் சொல்லுதல், கலைந்து கிடக்கும் சொற்றொடர்களை வாக்கியமாக்குதல், கேட்ட கதையைச் சொல்லுதல் என்று கால் மணி நேரத்தில் முடிந்துவிடும் தேர்வு. வாக்கியத் திறன், சொல்வளம், சரளம், உச்சரிப்பு என்று பிரித்து மார்க் வரும்.

கேட்டதைத் திரும்பச் சொல்வதில் என்ன திறமை இருக்கிறது என்று என் வகுப்பு மாணவன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. ஐந்து சொல் வாக்கியத்தை யாரும் ஒப்பிக்கலாம். பன்னிரண்டு சொல் வாக்கியத்தைப் பொருள் புரியாமல் ஒப்பிக்க முடியாது. தெரியாத மொழியில் யாராவது நீளமாகப் பேசினால் நம்மால் முதல் இரண்டு சொல்லுக்கு மேல் திரும்பச் சொல்ல முடிவதில்லை அல்லவா? வாக்கிய அமைப்பு மனதில் பதிந்திருந்தால்தான் அது வாயில் திரும்பும். அதைத்தான் இந்தக் கேள்வி அளக்கிறது.

வெளிநாட்டுப் படிப்புக்கான தேர்வுகளும் இந்த வழியில் வந்துவிட்டன. 2009இல் அறிமுகமான பி.டி.இ. அகடமிக் தேர்வு, பேச்சு, எழுத்து இரண்டுக்கும் கம்ப்யூட்டர் மார்க்கை நம்பித் தொடங்கியது. டோபல் தேர்வின் பேச்சுப் பகுதியில் 2019இல் ஸ்பீச்ரேட்டர் என்ற சாப்ட்வேர் மனிதர்களுடன் சேர்க்கப்பட்டது. வீட்டிலிருந்தே எழுதும் டுவோலிங்கோ இங்கிலீஷ் டெஸ்ட்டை, 2020இல் கொரோனாவால் தேர்வு மையங்கள் மூடப்பட்டபோது பல பல்கலைக்கழகங்கள் ஏற்கத் தொடங்கின. இதில் மார்க் 10 முதல் 160 வரை. நீங்கள் சரியாகப் பதில் சொல்லச் சொல்ல அடுத்த கேள்வி கடினமாகும். தவறினால் எளிதாகும். கேள்வி கடினமாகிக் கொண்டே போனால் பயப்பட வேண்டாம், நன்றாகச் செய்கிறீர்கள் என்று பொருள். ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வின் பேச்சுப் பகுதியில் மட்டும் இன்னும் மனிதர்தான் எதிரில் இருந்து பேசுகிறார்.

நம் நாட்டில் நடந்தவை

நம்மவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் என்ற இந்திய நிறுவனம் ஸ்வார் என்ற பேச்சுத் தேர்வை உருவாக்கியது. தங்கு தடையில்லாமல் சொந்தமாகப் பேசுவதைச் சாப்ட்வேர் சரியாகப் பிடிப்பதில்லை என்பதால், பேச்சை எழுத்தாக்கும் வேலையை மட்டும் இன்டர்நெட் வழியே பலரிடம் பகிர்ந்து கொடுத்து, அதன் பிறகு கம்ப்யூட்டரை மார்க் போடச் செய்யும் முறையை 2015இல் அதன் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். இந்த நிறுவனத்தை 2019இல் எஸ்.எச்.எல். வாங்கிவிட்டது.

சின்னப் பிள்ளைகளுக்கான முயற்சிகள்தான் எனக்குப் பிடித்தவை. 2019 மார்ச்சில் கூகுள் போலோ என்ற செயலியை இந்தியாவில் வெளியிட்டது. பிள்ளை கதையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். தியா என்ற பொம்மைக் குரல் கேட்டுக் கொண்டிருக்கும். தடுமாறினால் சொல்லிக் கொடுக்கும். சரியாக வாசித்தால் பாராட்டும். 2020இல் ரீட் அலாங் என்று பெயர் மாறி, தமிழ் உட்படப் பல மொழிகளில் மற்ற நாடுகளுக்கும் போனது. 2022 ஜூனில் நம் பள்ளிக் கல்வித் துறை, இல்லம் தேடிக் கல்வி மையப் பிள்ளைகளைக் கொண்டு இந்தச் செயலியில் ஒரு வாசிப்பு மாரத்தானே நடத்தியது. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கூடத் தன்னார்வலரின் செல்போனை நடுவில் வைத்துக் கொண்டு மாறி மாறி வாசித்தார்கள். ஆசிரியர் முன்னால் வாயே திறக்காத பிள்ளை, செல்போனிடம் கூச்சமில்லாமல் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

ஐ.ஐ.டி. பம்பாயில் பேராசிரியர் பிரீத்தி ராவ் தலைமையிலான குழு தாரா என்ற செயலியை உருவாக்கியிருக்கிறது. ஆங்கிலம், இந்தி இரண்டிலும் பிள்ளை வாசிப்பதைக் கேட்டு, நிமிடத்திற்கு எத்தனை சொல் சரியாக வாசித்தது என்று இது கணக்கிடும். வாசிப்பில் ஏற்ற இறக்கம் உண்டா என்றும் பார்க்கும். கேந்திரிய வித்யாலயா பள்ளிகளில் 3 முதல் 8ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு இதைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள். நாற்பது பிள்ளைகளைத் தனித்தனியாக வாசிக்க வைத்துக் கேட்க ஓர் ஆசிரியருக்கு நாள் போதாது. இந்த இடத்தில் இயந்திரம் உண்மையிலேயே உதவிதான். அங்கே யாரும் வேலை இழக்கவில்லை, எந்தப் பிள்ளையும் வெளியே அனுப்பப்படவில்லை. எந்தப் பிள்ளைக்குக் கூடுதல் கவனம் வேண்டும் என்று ஆசிரியருக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

எங்கே தவறும்?

2017இல் ஆஸ்திரேலியாவில் ஒரு செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. அயர்லாந்து நாட்டுக் கால்நடை மருத்துவர் ஒருவர் அங்கே நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்தார். ஆங்கிலமே அவருடைய தாய்மொழி. இரண்டு பட்டங்களும் ஆங்கிலத்தில் படித்தவை. கம்ப்யூட்டர் மார்க் போடும் பேச்சுத் தேர்வில் தேவைப்பட்டது 79. அவருக்குக் கிடைத்தது 74. தேர்வு நடத்திய நிறுவனம், தன் சாப்ட்வேரில் குறை இல்லை, குடியேற்றத்திற்குக் கேட்கப்படும் மார்க்தான் உயரம் என்றது. ஆங்கிலேயர் வீட்டுப் பக்கத்து ஊர்க்காரருக்கே இந்த நிலை என்றால் நம் பெண்ணாடம் எம்மாத்திரம்!

2020இல் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து பெரிய நிறுவனங்களின் ஸ்பீச் ரெகக்னிஷன் சாப்ட்வேர்களைச் சோதித்தார்கள். அமெரிக்க வெள்ளையர் பேசியதில் நூற்றுக்கு 19 சொல் தவறாகப் பதிவானது. கறுப்பின மக்கள் பேசியதில் 35. இரு தரப்பினரும் பேசியது ஆங்கிலம்தான். சாப்ட்வேரைப் பழக்கிய பதிவுகளில் யார் குரல் அதிகம் இருந்தது என்பதுதான் வேறுபாடு.

இதற்கு நேர் எதிரான ஒரு கோளாறும் உண்டு. பலரும் கவனிக்காதது. 2022இல் ஓப்பன் ஏ.ஐ. நிறுவனம் விஸ்பர் என்ற சாப்ட்வேரை வெளியிட்டது. 6,80,000 மணி நேரப் பேச்சைக் கொண்டு பழக்கப்பட்டது. இத்தகைய புதிய சாப்ட்வேர்கள் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பதையும் கற்றுக் கொண்டவை. அதனால் நீங்கள் "ஹி கோ டு ஸ்கூல்" என்று தவறாகச் சொன்னாலும், "ஹி கோஸ் டு ஸ்கூல்" என்று அதுவாகவே திருத்தி எழுதிவிடக் கூடும். கடிதம் எழுத இது வசதி. ஆனால் மொழி கற்கிறவருக்கு? தவறு செய்தோம் என்பதே தெரியாமல் போய்விடும். நண்பரைப் போலத் தவறை மூடி மறைக்கும் தேர்வாளரால் என்ன பயன்?

எழுத்திலும் ஒரு சங்கடம். ஏ.ஐ. எழுதியதா, மனிதர் எழுதியதா என்று கண்டுபிடிப்பதாகச் சொல்லும் சாப்ட்வேர்கள் இருக்கின்றன. 2023இல் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் டோபல் தேர்வுக்காக மாணவர்கள் எழுதிய 91 கட்டுரைகளை இப்படி ஏழு சாப்ட்வேர்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக 61 சதவீதம் ஏ.ஐ. எழுதியவை என்று முத்திரை குத்தப்பட்டன. எல்லாம் மனிதர் எழுதியவை! தெரிந்த எளிய சொற்களை வைத்து எழுதுவதுதான் அவர்கள் செய்த குற்றம்.

நம் நாக்கும் அந்த ஒலியும்

அக்கா மகளின் இரண்டாவது முயற்சிக்கு மூன்று மாத இடைவெளி கிடைத்தது. அவள் பேசுவதைப் பதிவு செய்து கேட்டபோது சில விஷயங்கள் தெளிவாகத் தெரிந்தன. இவை தமிழர் பெரும்பாலோருக்கும் பொது.

சொல்லின் கடைசியில் நாம் ஒரு உகரத்தைச் சேர்த்துவிடுகிறோம். பஸ் என்பது பஸ்ஸு, கார் என்பது காரு. எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன் ஒரு யகரம். எக் என்ற முட்டை, யெக் ஆகிவிடும். சொல்லின் முதலில் ககரமும் அதன் மெல்லிய ஒலியும் மாறிப் போகும். மேலே அணியும் கோட், ஆடு என்று பொருள்படும் கோட் இரண்டையும் தமிழில் எழுதிக் காட்டக்கூட என்னால் முடியவில்லை பாருங்கள், அதுதான் பிரச்னையே. மிருகக்காட்சி சாலைக்கான சொல்லில் வரும் ஒலி நம்மிடம் இல்லாததால் ஜகரமாகவோ சகரமாகவோ மாறுகிறது.

இதைவிட முக்கியமானது அழுத்தம். தமிழில் எல்லா அசைகளையும் ஏறக்குறைய ஒரே அளவாகச் சொல்லிக் கொண்டு போவோம். ஆங்கிலத்தில் ஒரு அசையை அழுத்தி மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். போட்டோகிராப் என்னும்போது முதல் அசையில் அழுத்தம். போட்டோகிராபர் என்றால் இரண்டாவது அசைக்குப் போய்விடும். சாப்ட்வேர் இதைக் கவனிக்கிறது. வேகமாகப் பேசினால் மார்க் கூடும் என்று நினைத்து மூச்சு விடாமல் பேசுகிறவர்கள் உண்டு. அது தவறு. தேவையற்ற இடத்தில் நிற்பதுதான் மார்க்கைக் குறைக்கும், வாக்கிய முடிவில் நிற்பது அல்ல.

கம்ப்யூட்டரில் பயிற்சி

முதலில் மைக்கைச் சோதித்துக் கொள்ளுங்கள். விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் ஸ்டார்ட் கிளிக் செய்து செட்டிங்ஸ் செல்லவும். அதில் சிஸ்டம், பின் சவுண்ட் என்பதைத் தேர்ந்தெடுத்திடுங்கள். கிடைக்கும் விண்டோவில் இன்புட் என்ற பகுதியில் உங்கள் மைக்கின் பெயர் இருக்கும். அதில் கிளிக் செய்தால் ஸ்டார்ட் டெஸ்ட் என்ற பட்டன் கிடைக்கும். அதை அழுத்தி, வழக்கமான குரலில் சில வாக்கியங்கள் பேசி, ஸ்டாப் டெஸ்ட் அழுத்திடுங்கள். ஒலி அளவு எத்தனை சதவீதம் என்று காட்டும். மிகக் குறைவாக இருந்தால் அதே இடத்தில் உள்ள இன்புட் வால்யூம் ஸ்லைடரை வலப்புறம் நகர்த்தவும்.

லேப்டாப்பில் உள்ள மைக்கை நம்பித் தேர்வு எழுதாதீர்கள். அது கீபோர்டு சத்தம், மின்விசிறிச் சத்தம் எல்லாவற்றையும் சேர்த்து எடுக்கும். வாய்க்கு அருகில் மைக் வரும் சாதாரண ஹெட்செட் போதும். அக்கா மகள் முதல் முறை மின்விசிறியின் நேர் கீழே உட்கார்ந்து, லேப்டாப் மைக்கில் பேசியிருக்கிறாள். இடையில் அடுத்த வீட்டு மிக்ஸி வேறு. அவள் குரலோடு அதற்கும் சேர்த்துத்தான் மார்க்.

அடுத்து சவுண்ட் ரெக்கார்டர் புரோகிராமைத் திறந்து இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்பது முதலில் கூச்சமாகத்தான் இருக்கும். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

இப்போது கம்ப்யூட்டரைக் கேட்க வைப்போம். நோட்பேட் திறந்து கொள்ளுங்கள். கீபோர்டில் விண்டோஸ் கீயுடன் எச் கீயைச் சேர்த்து அழுத்துங்கள். சிறிய மைக் படத்துடன் ஒரு கட்டம் கிடைக்கும். இதற்கு இன்டர்நெட் இணைப்பு வேண்டும். மொழி ஆங்கிலம் இந்தியா என்று இருக்கட்டும். கூகுள் டாக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் குரோம் பிரவுசரில் டூல்ஸ் மெனு சென்று வாய்ஸ் டைப்பிங் தேர்ந்தெடுக்கலாம். அங்கேயும் மொழியை மாற்றும் வசதி உண்டு.

ஆங்கில நாளிதழில் நூறு சொற்கள் கொண்ட ஒரு பகுதியை எடுத்துக் கொண்டு நிதானமாக வாசியுங்கள். திரையில் வந்ததை நாளிதழுடன் ஒப்பிட்டுப் பாருங்கள். மாறிப் போன சொல், விட்டுப் போன சொல், கூடுதலாக வந்த சொல் மூன்றையும் எண்ணிக் கூட்டுங்கள். மொத்தம் 12 என்றால் உங்கள் பிழை 12 சதவீதம். ஆய்வாளர்களும் இதே கணக்கைத்தான் பயன்படுத்துகிறார்கள். எண்ணைவிட எந்தச் சொற்கள் மாறின என்பது முக்கியம். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரே ஒலி உள்ள சொற்கள் திரும்பத் திரும்ப மாறினால் கவனிக்க வேண்டிய ஒலி அதுதான். ஊர்ப் பெயர்களை மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள். பெண்ணாடம் என்று நான் சொன்னதற்கு ஒரு சாப்ட்வேர் பென் ஆடம் என்று யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயரை எழுதியது.

முன்பு சொன்னது நினைவிருக்கட்டும். சாப்ட்வேர் உங்கள் இலக்கணப் பிழையைத் தானே திருத்திவிடலாம். எனவே இந்தப் பயிற்சி உச்சரிப்புக்கு மட்டும். இலக்கணத்திற்கு உங்கள் பதிவைத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் கேட்பதுதான் நல்லது.

சாட்பாட்களிடம் கட்டுரையைக் கொடுத்து மார்க் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் மார்க்கை நம்பாதீர்கள். அக்கா மகள் எழுதிய ஒரே கடிதத்தை ஒரு சாட்பாட்டிடம் மூன்று முறை கொடுத்தேன். பத்துக்கு ஆறு, ஏழரை, ஏழு என்று மூன்று விதமாக வந்தது. மார்க்குக்குப் பதில், "இதில் உள்ள பிழைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, ஏன் பிழை என்று தமிழில் விளக்கு" என்று கேளுங்கள். அதில் உபயோகம் இருக்கிறது. விளக்கமும் சில நேரம் தவறும். சந்தேகம் வந்தால் இலக்கணப் புத்தகத்தைப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்துக்கு இலவசமாக மார்க் போடுகிறோம் என்று வரும் எல்லா இணைய தளத்துக்கும் மைக் அனுமதி கொடுத்துவிடாதீர்கள். உங்கள் குரல் அவர்களிடம் தங்கிவிடும். செட்டிங்ஸில் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி சென்று, மைக்ரோபோன் என்பதில் எந்தெந்தப் புரோகிராமுக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்து, வேண்டாதவற்றை நீக்கிவிடுங்கள்.

அக்கா மகள் இரண்டாவது தேர்வை என் மையத்தில் காலை ஆறு மணிக்கு எழுதினாள். கடைத்தெரு விழிக்காத நேரம். மின்விசிறியை நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டு நான் வெளியே படியில் உட்கார்ந்து கொண்டேன். புரியாத வாக்கியம் வந்தால் யாரிடமும் கேட்காமல், பிடிபட்ட சொற்களை மட்டும் வரிசையாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடு என்று சொல்லியிருந்தேன். அப்படி இரண்டு இடங்களில் செய்தாளாம். இந்த முறை தகுதி பெற்றாள். அடுத்த கட்டம் சென்னையில் நேர்முகத் தேர்வு. அன்று எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்ட ஒரு கேள்வி புரியாமல், "இன்னொரு தடவை சொல்லுங்க சார்" என்று ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறாள். அவரும் திரும்பச் சொன்னாராம். வேலை கிடைத்துப் போன மாதம் சேர்ந்துவிட்டாள்.

ஹெட்செட் எது வாங்கலாம், யு.எஸ்.பி. வகையா, பின் வகையா என்று பலரும் கேட்கிறார்கள். லேப்டாப்பில் ஒரே ஒரு ஆடியோ ஓட்டை இருந்தால் இரண்டு பின் கொண்ட பழைய ஹெட்செட்டை நேரடியாகப் பொருத்த முடியாது. யு.எஸ்.பி. வகை வாங்கிக் கொள்ளுங்கள்.